பஸ் டைம் யார் போடுகிறார்கள்? கம்ப்யூட்டரும் நம்ம ஊர் பஸ்ஸும்



வாரக் கூட்டத்தில் சேமிப்பைப் பற்றிப் பேசினாலும், உள்கடனைப் பற்றிப் பேசினாலும், கடைசியில் பேச்சு வந்து நிற்பது பஸ்ஸில்தான். "ஏன் இன்னிக்கி நாலு பேரு வரல?" என்று கேட்டால், "பஸ்ஸு வரலைங்க மேடம்" என்பார்கள். "பேங்குக்கு ஏன் பன்னெண்டு மணிக்கு வந்தீங்க?" என்றால், "பத்து மணி வண்டி போயிருச்சுங்க" என்பார்கள். சாணார்பட்டி, நத்தம் பக்கமும் இதே கதை. வேடசந்தூர், எரியோடு பக்கமும் இதே கதை. ரெட்டியார்சத்திரம், கன்னிவாடி பக்கம் போனாலும் அதேதான்.

இதை நாம் ரொம்ப நாளாகத் தலையெழுத்து மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டோம். மழை வரும், வராது என்பது போல பஸ்ஸும் வரும், வராது. ஆனால் மழைக்கு யாரும் அட்டவணை போடுவதில்லை. பஸ்ஸுக்கு ஒருவர் உட்கார்ந்து அட்டவணை போடுகிறார். அவர் யார், எதைப் பார்த்துப் போடுகிறார், அதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை, நாம் சொன்னால் மாறுமா என்பதுதான் இந்த மாதப் பாடம். கொஞ்சம் கணக்கு வரும். வட்டிக் கணக்கே போடுகிற நமக்கு இது பெரிதில்லை.

யாருக்கு எந்த நேரம்?

நம்ம சமவெளிப் பகுதியில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். மல்லிகை பறிக்கிறவர்கள் விடியுமுன்னே காட்டில் இருக்கிறார்கள். பறித்த மொட்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கோ நிலக்கோட்டைக்கோ காலையிலேயே போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வாய் திறக்கும், விலை இறங்கும். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குக் குட்டி கொண்டுபோகிறவர்கள் இன்னொரு கூட்டம். சின்னாளப்பட்டிக்கு நெசவு வேலைக்குப் போகிறவர்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிகள், காலேஜுக்குப் போகிற நம்ம பிள்ளைகள் என்று வரிசை நீளும்.

மில்லுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மில் வேனே ஊருக்குள் வருகிறது. மில் முதலாளிக்கு ஷிப்ட் நேரம் முக்கியம், அதனால் வேனும் நேரத்துக்கு வருகிறது. மற்றவர்களின் ஷிப்ட் நேரத்தை எழுதி வைத்திருப்பவர் யாரும் இல்லை.

ஆம்பளைகள் பெரும்பாலும் காலையில் போய் சாயங்காலம் திரும்புகிறார்கள். ஒரு போக்கு, ஒரு வரவு. நாம் அப்படி இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், அங்கிருந்து பேங்குக்குப் போய், மாமியாருக்கு மாத்திரை வாங்கி, மூன்று மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். ஒரே நாளில் நாலு துண்டுப் பயணம். அதிலும் பாதி, கூட்டம் குறைவான பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில்தான் நடை குறைவு. ('நடை' என்றால் பஸ்காரர்கள் பாஷையில் ஒரு தடவை போவது. போய் வந்தால் இரண்டு நடை.)

டைம் போடுவது ஒரே ஆள் இல்லை

பெரியவர்களுக்கு ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் ஞாபகம் இருக்கும். திண்டுக்கல்லைத் தலைமையிடமாக வைத்து ஓடியது. 1997-ல் தலைவர்கள் பேரெல்லாம் எடுக்கப்பட்டு, எல்லாமே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆனது. திண்டுக்கல் இன்று மதுரைக் கழகத்தின் கீழ் வருகிறது. அரசு பஸ்ஸின் அட்டவணையைக் கழகம் போடுகிறது. டெப்போவில் எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், கண்டக்டர் என்று பார்த்துப் போடுவார்கள்.

தனியார் பஸ் கதை வேறு. அதற்கு பெர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அதற்குத் தலைவர் நம்ம கலெக்டர். ஆபீஸ் வேலையை ஆர்.டி.ஓ. பார்க்கிறார். ஒரு தடத்தில் புது பஸ் வருகிறது என்றால், முன்னால் போகிற வண்டிக்காரரும் பின்னால் வருகிறவரும் வந்து "எனக்கு முன்னாடி அஞ்சு நிமிஷத்துல போட்டா நான் என்ன செய்யறது" என்று சண்டை போட்டு, பேசி முடித்து நேரம் குறிப்பார்கள். இதற்கு 'டைமிங் கான்பரன்ஸ்' என்றே பெயர். பஸ் முதலாளிகள் வருவார்கள், அதிகாரிகள் இருப்பார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. எங்களுக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம்.

மினிபஸ் மூன்றாவது. 1997-ல் மினிபஸ் திட்டம் வந்தபோது, பஸ்ஸே போகாத ஊருக்குப் பஸ் என்பதுதான் நோக்கம். 2025-ல் வந்த புதிய விரிவான மினிபஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் வேறு பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதாவது மினிபஸ்ஸின் வேலையே நம்மைக் கொண்டுவந்து மெயின் ரோட்டில் பெரிய பஸ்ஸிடம் ஒப்படைப்பதுதான். ஒப்படைக்கிற நேரத்தில் பெரிய பஸ் அங்கே இருக்க வேண்டுமே! அதை யார் பார்ப்பது?

நாலாவது ரயில். மதுரை, திருச்சி, கரூர், பழநி என்று நாலு திசையிலும் பிரியும் ஜங்ஷன் நம்முடையது. ரயில் நேரத்தைத் தெற்கு ரயில்வே போடுகிறது. அவர்களுக்கு நம்ம டவுன் பஸ் எப்போது வரும் என்று தெரியாது.

ஆக, ஒரே ஊரில் நாலு பேர் நாலு காகிதத்தில் நேரம் எழுதுகிறார்கள். இதன் விலையை ஒரு கணக்கில் பாருங்கள். ஊர் பஸ் காமராஜர் பேருந்து நிலையத்துக்கு 8.05-க்கு வருகிறது. நீங்கள் மாற வேண்டிய வண்டி 8.00-க்குக் கிளம்பிவிட்டது, அடுத்தது 9.00 மணிக்கு. ஐந்து நிமிடத்தில் தவறியதற்கு 55 நிமிடம் நிற்க வேண்டும். மாதம் 25 நாள் போனால் 1,375 நிமிடம். கிட்டத்தட்ட 23 மணி நேரம். எட்டு மணி நேரக் கூலி வேலையாக வைத்தால் ஏறக்குறைய மூன்று நாள் சம்பளம், பஸ் ஸ்டாண்டில் நின்றே போகிறது.

ஒரு பஸ், ஒரு ஊர், ஒரு டிரைவர்

"பத்து மணி பஸ் மட்டும் ஏன் பத்து இருபதுக்கு வருது?" என்று கேட்கிறோம் இல்லையா? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டிரைவர் டீ குடித்துவிட்டு மெதுவாக வருகிறார் என்று திட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

திண்டுக்கல்லில் இருந்து 18 கிலோமீட்டரில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். போக 50 நிமிடம், ஊரில் 10 நிமிடம் நிற்கும், திரும்ப 50 நிமிடம், பஸ் ஸ்டாண்டில் 10 நிமிடம். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். பஸ் காலை 5.00-க்குத் திண்டுக்கல்லில் கிளம்பினால் ஊரிலிருந்து 6.00, 8.00, 10.00, 12.00 என்று புறப்படும். ஒரு பஸ் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை. ஒரு மணிக்கு ஒரு தடவை வேண்டுமென்றால் இரண்டு பஸ். அரை மணிக்கு ஒரு தடவை என்றால் நாலு பஸ். இது வண்டிக் கணக்கு.

இப்போது ஆள் கணக்கு. டிரைவரும் கண்டக்டரும் மனுசங்கதானே. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம்தான் வேலை என்று வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது. நம்ம டிரைவர் 4.30-க்கு டெப்போவுக்கு வந்து வண்டியை எடுக்கிறார். 9.30-க்குள் அவருக்கு ஓய்வு வேண்டும். 8.50-க்குத் திண்டுக்கல் வருகிறார். 9.00 மணிக்குக் கிளம்பினால் மறுபடி திண்டுக்கல் வர 10.50 ஆகிவிடும். அதனால் 8.50-லிருந்து 9.20 வரை சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறார். ஊருக்கு 10.10-க்கு வந்து 10.20-க்குத் திரும்புகிறார். அதுதான் நம்ம 'பத்து மணி பஸ்'.

11.10-க்குத் திண்டுக்கல் வந்ததும் இன்னொரு சுற்று போனால் அவருடைய எட்டு மணி நேரம் தாண்டிவிடும். கலெக்‌ஷன் வேறு கட்ட வேண்டும். ஆகவே அங்கே அடுத்த டிரைவர், கண்டக்டர் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் வராவிட்டால் மதிய நடை 'கட்'. நாம் வேப்பமரத்தடியில் நிற்கிறோம்.

பயணிகளுக்கான கால அட்டவணை, வண்டிகளுக்கான ஓட்டம், ஆட்களுக்கான டூட்டி ஆகிய மூன்றும் தனித்தனிக் காகிதம். ஒன்றில் பத்து நிமிடம் நகர்த்தினால் மற்ற இரண்டும் நகரும். ஒரு பஸ்ஸுக்கு நாம் விரலை மடக்கியே கணக்குப் போட்டுவிட்டோம். நூறு பஸ், அதற்குத் தகுந்த டிரைவர், கண்டக்டர், லீவு, ரிப்பேர் என்றால்? எந்த வண்டியை எந்த வண்டியோடு, யாரை எந்த நடையோடு சேர்ப்பது என்பதற்கு லட்சக்கணக்கான வழி இருக்கும். இதற்குத்தான் கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே பஸ் அட்டவணையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் 1970களின் கடைசியில் ஹாஸ்டஸ் என்று ஒரு புரோகிராம் வந்தது. இன்றும் பல நாட்டு நகரங்களில் அதுதான் பஸ் ஓட்டத்தையும் டூட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த புரோகிராம்கள் 'குறைந்த வண்டி, குறைந்த செலவு' என்று கேட்டால் அதற்குத்தான் விடை தரும். 'பூ பறிக்கிற பெண்ணுக்கு அஞ்சு மணிக்கு பஸ் வேணும்' என்று யாராவது உள்ளே எழுதினால்தான் அதற்கும் விடை தேடும்.

ஐந்து நோட்டுப் புத்தகம்

சரி, நாலு பேர் நாலு காகிதத்தில் எழுதுகிறார்களே, அதை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது? இங்கேதான் நம்ம குழுக் கணக்கு உதவிக்கு வருகிறது.

குழு தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக நோட்டுப் போட்டிருந்தது. ஒரு குழுவில் சேமிப்பும் கடனும் ஒரே நோட்டில். இன்னொன்றில் அபராதம் தனி நோட்டு. கூட்டமைப்புக்கு வந்து கணக்கைச் சேர்க்க உட்கார்ந்தால் தலை சுற்றும். எல்லாக் குழுவும் ஒரே மாதிரிப் பேரேடு, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நம்பர் என்று ஆன பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிந்தது. நம்ம குழுவில் மூன்று முத்துலட்சுமி இருந்தாலும் நம்பர் வேறு வேறு என்பதால் கடன் மாறிப்போவதில்லை.

பஸ்ஸுக்கும் இதே வேலையை உலக அளவில் செய்தார்கள். அமெரிக்காவில் போர்ட்லாந்து என்ற ஊரின் போக்குவரத்து நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் பிபியானா மெக்ஹ்யூ என்ற பெண். காரில் போக வழி தேடினால் கம்ப்யூட்டர் சொல்கிறது, பஸ்ஸில் போக வழி தேடினால் சொல்ல மாட்டேன் என்கிறதே என்று யோசித்து, கூகுள் நிறுவனத்தோடு பேசி, 2005-ல் தங்கள் ஊர் பஸ் நேரங்களை ஒரு பொது வடிவத்தில் கொடுத்தார்கள். அந்த வடிவத்தை ஜி.டி.எஃப்.எஸ். என்கிறார்கள். பெயர் பயமுறுத்தும், உள்ளே இருப்பது நம்ம நோட்டுப் புத்தகங்கள்தான்.

முக்கியமானவை ஐந்து. முதல் நோட்டில் எல்லா ஸ்டாப்பும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பரோடும் அது பூமியில் எங்கே இருக்கிறது என்ற அளவோடும். இரண்டாவதில் தடங்கள். மூன்றாவதில் அந்தத் தடத்தில் ஓடும் ஒவ்வொரு நடையும். நாலாவதில் அந்த நடை எந்த ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரும் என்ற நேரம். ஐந்தாவது நாட்காட்டி: இந்த நடை தினமும் உண்டா, ஞாயிறு இல்லையா, பள்ளிக்கூட நாளில் மட்டுமா, வியாழக்கிழமை சந்தைக்கு மட்டுமா என்று சொல்வது. அரசு பஸ்ஸோ, தனியார் பஸ்ஸோ, மினிபஸ்ஸோ, ரயிலோ, எல்லாரும் இதே மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் சேர்த்துப் படித்துவிடும். 'எரியோட்டிலிருந்து காந்திகிராமம் போக வேண்டும், பத்து மணிக்குள்' என்று கேட்டால் எதில் ஏறி எங்கே மாறுவது என்று சொல்லிவிடும்.

முதல் நோட்டுதான் கஷ்டம் என்பது எங்கள் எண்ணம். திண்டுக்கல் பக்கம் எத்தனை 'பிரிவு', எத்தனை 'நால்ரோடு', எத்தனை 'மில் ஸ்டாப்'! அரசு பஸ் போர்டில் ஒரு பெயர், தனியார் கண்டக்டர் கூவுவது ஒரு பெயர், நம்ம அப்பத்தா சொல்வது இன்னொரு பெயர். மூன்றும் ஒரே புளியமரம். மனுசருக்கு அது புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. மூன்று பெயர் இருந்தால் மூன்று ஊர் என்று நினைத்துக்கொள்ளும், அங்கே பஸ் மாற முடியாது என்று சொல்லிவிடும்.

நம்ம நாட்டில் கொச்சி மெட்ரோ ரயில் 2018-ல் தன் நேரங்களை இந்த வடிவத்தில் பொதுவில் வைத்தது. அதே வருடம் டெல்லி அரசும் பஸ் விவரங்களை வெளியிட ஒரு தளம் தொடங்கியது. சென்னையில் இன்னும் ஒரு படி போனார்கள். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க என்றே ஒரு குழுமம் இருக்கிறது. 2010-ல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது, 'கும்டா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று 'சென்னை ஒன்று' என்ற செயலியைத் தொடங்கினார்கள். மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து, ஒரே கியூ.ஆர். டிக்கெட்டில் மாறி மாறிப் போகலாம் என்பது ஏற்பாடு. சென்னைக்கு வந்தது திண்டுக்கல்லுக்கும் வரலாம். வரும்போது நம்ம ஊர் ஸ்டாப் முதல் நோட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

செயலி இருந்துவிட்டால் பஸ் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சுவிட்சர்லாந்தில் 1982-லேயே நாடு முழுக்க ரயில்களை ஒழுங்கான இடைவெளியில் ஓட்டும் அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். அதை இன்னும் நெருக்கமாக்க 1987-ல் மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்தி ஒப்புதல் வாங்கினார்கள். மலைக் கிராமத்து மஞ்சள் நிற பஸ், ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கும். அப்போது யார் கையிலும் செல்போன் இல்லை. 'ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருப்பது' என்று முதலில் முடிவெடுத்தார்கள்.

டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்

இந்தப் பாடத்தில் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வில் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிந்தது. நம்ம குழுக்களில் அந்த மிச்சம் சேமிப்புத் தொகையாக மாறியதை நாமே பார்த்தோம். இந்தப் பயணத்துக்கும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வேண்டும். அந்த டிக்கெட்டை எண்ணித்தான் அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது.

சில சகோதரிகள், "காசுதான் இல்லையே, டிக்கெட் எதுக்குங்க" என்று வாங்காமல் இருந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் கண்டக்டரும் விட்டுவிடுகிறார். அன்று சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது, 'காலை 6.00 நடை, ஏறியவர்கள் எட்டுப் பேர்' என்று இருக்கும். உண்மையில் முப்பது பேர் ஏறியிருப்போம். ஆறு மாதம் கழித்து எந்த நடையைக் குறைக்கலாம் என்று பார்க்கிறவர் கண்ணில் படுவது எட்டுதான். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாதவர் கூட்டத்துக்கு வரவில்லை என்றுதானே நாமும் எழுதுகிறோம்?

பணம் கொடுத்துப் போனாலும், கொடுக்காமல் போனாலும், ஏறின இடம், இறங்குகிற இடம் சரியாகச் சொல்லி டிக்கெட் வாங்குங்கள். முன்னாலேயே இறங்குகிறவர் கடைசி ஸ்டாப் பெயருக்கு வாங்கினால், நடு ஸ்டாப்பில் ஆளே இல்லை என்று மிஷின் நினைத்துக்கொள்ளும்.

மிஷினுக்கு எப்போதுமே தெரியாதது ஒன்று இருக்கிறது. பஸ் நிற்காமல் போனதால் ஏற முடியாதவர்கள், அந்த நேரத்துக்கு பஸ்ஸே இல்லாததால் ஷேர் ஆட்டோவில் போனவர்கள், 'வேண்டாம், நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள். இவர்களுக்கு டிக்கெட் கிடையாது. இவர்களை நாம்தான் எழுத வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு வாரம் எழுதுவோம். ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிற குழு பொறுப்பெடுக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பஸ் வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஏறின பெண்கள் எத்தனை பேர், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர், திண்டுக்கல்லில் இறங்கி அடுத்து எங்கே போகிறார்கள், மாறுவதற்கு எவ்வளவு நேரம் நின்றார்கள். பேர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் சந்தோஷமாக எழுதிக் கொடுப்பார்கள்.

அடுத்து, போட்ட நேரம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 72-ஆவது பிரிவில், அங்கீகரித்த கால அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் எழுதி வைக்க வேண்டும், அந்த நேரத்திலிருந்து அனுமதித்த அளவுக்கு மேல் விலகக் கூடாது என்று பெர்மிட்டில் நிபந்தனை போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. எழுதி வைக்கவில்லை என்றால் கேட்கலாம். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தனியார் பஸ், மினிபஸ் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு. கேள்வி சின்னதாக இருக்கட்டும்: எங்கள் ஊர்த் தடத்தில் அனுமதித்த நடைகளும் நேரமும் என்ன? கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் ஓடிய நடைகள் எத்தனை?

இந்த இரண்டும் கையில் இருந்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிற மனுவுக்கு எடை கூடும். 'எங்கள் ஊருக்கு கூடுதல் பஸ் வேண்டும்' என்று பொதுவாக எழுதின மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். 'காலை 8.00 நடையைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினால் இத்தனை பெண்களுக்கு நத்தம் வண்டி கிடைக்கும், கூடுதல் வண்டி தேவையில்லை' என்று எழுதினால் வாங்குகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். கிராம சபையிலும் தீர்மானமாகப் போடலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளை மறக்காதீர்கள்.

பூப் பறிக்கிறவர்கள் கேட்பது அஞ்சு மணி பஸ். மேலே போட்ட கணக்குப்படி ஊரில் 5.00-க்கு பஸ் வேண்டுமென்றால் திண்டுக்கல்லில் 4.00 மணிக்குக் கிளம்ப வேண்டும், டிரைவர் 3.30-க்கு டெப்போவில் இருக்க வேண்டும். காலி வண்டி ஓட்டின டீசலும் சேரும். அதைவிட, ராத்திரி கடைசி நடை ஊரிலேயே தங்கி விடியலில் கிளம்புவது சுலபம். நைட் ஹால்ட் பஸ் என்று பல ஊரில் ஓடுவது இதுதான். ஆனால் டிரைவரும் கண்டக்டரும் எங்கே படுப்பார்கள்? பல ஊரில் அவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே கொசுக்கடியில் படுத்து, விடிந்தால் காட்டுப் பக்கம் ஒதுங்குகிறார்கள். பூட்டுப் போட்ட ஒரு ரூம், ஒரு பேன், கக்கூஸ், குளிக்கத் தண்ணி. இதைப் பஞ்சாயத்து மூலம் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று மனுவிலேயே எழுதினால் கழகத்துக்கு மறுக்கக் காரணம் ஒன்று குறையும். நம்ம வீட்டுப் பிள்ளை வெளியூரில் டிரைவராக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே இதைச் செய்யத் தோன்றும்.

இன்னொரு விஷயம். 2019 ஜனவரி 1-க்குப் பிறகு பதிவான பஸ்களில் வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியும், ஆபத்தில் அழுத்துகிற சிவப்பு பட்டனும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. ஏறும்போது பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

இந்த மாதம் இரண்டாவது வாரக் கூட்டத்தில் இந்தப் பாடத்தைப் படித்தவர் ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும். பிறகு இவற்றைப் பேசவும். நம்ம ஊரில் பெண்களுக்கு மிகவும் தேவையான ஒரே ஒரு நடை எது, எத்தனை மணிக்கு? அந்த நேரத்தை மாற்றினால் யாருக்குச் சிரமம் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கா, பால்காரருக்கா? கடந்த மாதம் பஸ் இல்லாததால் நம்ம குழுவில் எத்தனை பேர் எந்த வேலையைத் தள்ளிப்போட்டார்கள்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நோட்டின் நகலோடு கிளஸ்டர் கூட்டத்துக்குக் கொண்டுவரவும். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் ஸ்டாப்பின் பெயரை அரசு பஸ் போர்டில் உள்ளபடி ஒன்று, தனியார் பஸ்ஸில் கூவுகிறபடி ஒன்று, ஊரில் சொல்கிறபடி ஒன்று என்று மூன்று விதமாகவும் எழுதவும். பக்கத்தில் என்ன மரம், என்ன கடை, எந்தக் கோயில் என்பதையும் சேர்த்து எழுதவும்.